மாமாவின் பிரேசிலும் என் அர்ஜென்டினாவும்

கால்பந்தில் பரம எதிரியைத் தம் அணி வென்ற நாள்களைப் பற்றி நண்பர்கள் எழுதியவற்றைப் படித்ததும், மாமா வீட்டுத் திண்ணை என் கண்முன் வந்து நின்றது. என் கணக்கில் உள்ள வெற்றிகள் எல்லாமே அந்த வீட்டில் பார்த்தவைதாம்.

குமரி மாவட்டத்தின் மேற்குக் கரையில், நீரோடியிலிருந்து இரையுமன்துறை வரை நெருக்கமாகக் கிடக்கும் கடற்கரை ஊர்களில் ஒன்றில் பிறந்தவன் நான். இங்கே பந்து உதைக்காமல் வளர்ந்த பையனைக் காண்பது அரிது. இரவிபுத்தன்துறையில் பிறந்த மைக்கேல் சூசைராஜ் இந்திய அணிக்காக ஆடியபோது எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் பெருமை இருந்தது. வியப்பு யாருக்கும் இல்லை. உலகக் கோப்பை வந்துவிட்டால் தெருவுக்குத் தெரு கொடி மாறும். என் அம்மாவின் அண்ணன், சீக்கோவும் சாக்ரடீஸும் ஆடிய 1982-ஆம் ஆண்டு அணியின் மேல் வைத்த பிரியத்தால் பிரேசில் பக்கம் போனவர். நான் மரடோனாவைப் பார்த்து அர்ஜென்டினா பக்கம் வந்தவன். தோற்ற அணிக்காரர் ஜெயித்த அணிக்காரருக்குத் தம் கையால் கட்டன் சாயா, அதாவது பால் சேர்க்காத தேநீர், போட்டுக் கொடுக்க வேண்டும் என்பது, நான் சிறுவனாக இருந்தபோதே மாமா ஏற்படுத்திய நியதி.

அந்தச் சாயாவை நான் முதன்முதலில் குடித்தது 1990 ஜூன் 24 அன்று. ஞாயிற்றுக்கிழமை, அருளப்பர் திருவிழா நாள். கடல் கொந்தளித்துக் கிடந்ததால் தொழிலுக்குப் போகாத ஆண்கள் அத்தனை பேரும் மாமா வீட்டில் இருந்த கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சியின் முன்னால் கூடியிருந்தார்கள். மழைக்காற்றில் ஆன்டெனா திரும்பும்போதெல்லாம் படம் கலங்கும். ஓட்டின் மேல் ஏறி அதைத் திருப்பி வைப்பதற்கென்றே ஓர் ஆள் நனைந்துகொண்டு நின்றார். டூரின் நகரில் நடந்த அந்த ஆட்டத்திற்கு, பிரிவுச் சுற்றின் மூன்று ஆட்டங்களையும் வென்று பிரேசில் வந்திருந்தது. அர்ஜென்டினாவோ முதல் ஆட்டத்திலேயே கேமரூனிடம் தோற்று, பிரிவில் மூன்றாம் இடம் பிடித்து, தட்டுத் தடுமாறி வந்திருந்தது. மரடோனாவின் கணுக்கால் வீங்கியிருந்தது.

உள்ளதைச் சொல்ல வேண்டும்: அன்று நன்றாக ஆடியது பிரேசில்தான். பந்து திரும்பத் திரும்பக் கம்பத்தில் பட்டுத் திரும்பியது, எங்கள் கோல் கீப்பர் கொய்கோச்சியா எங்கெங்கோ பாய்ந்து காப்பாற்றினார், ஒவ்வொரு முறையும் மாமா தொடையில் அடித்துக்கொண்டார். ஆட்டம் முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது நடுக்கோட்டின் அருகே மரடோனாவிடம் பந்து வந்தது. வலிக்கும் காலோடு அவர் ஓடத் தொடங்கியதும் மஞ்சள் சட்டைக்காரர்கள் ஒருவர் பின் ஒருவராக அவரையே நெருங்கினார்கள். விழப்போகிறார் என்று நாங்கள் நினைத்த கணத்தில், தமக்கு அவ்வளவாக வாகில்லாத வலது காலால் அவர் பந்தைத் தட்டிவிட, அது இடப்பக்கம் யாருமின்றி நின்ற கனிஜியாவிடம் போய்ச் சேர்ந்தது. பிரேசில் கோல் கீப்பர் தஃபரேலைச் சுற்றிக்கொண்டு போய்க் கனிஜியா அதை வலைக்குள் அடித்தார். 1-0. நான் கத்தியதில் ஓட்டின் மேல் நின்றவர் ஆன்டெனாவை விட்டுவிட்டார், அடுத்த இரண்டு நிமிடத்துக்குத் திரையில் புள்ளிகளைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை. இரவு பத்தரை மணிக்கு மாமா அடுப்பை மூட்டி, பெரியவர்களுக்கு வைத்திருக்கும் கண்ணாடி கிளாஸில் எனக்குச் சாயா ஊற்றித் தந்தார். அதுவரை அந்தக் கிளாஸை நான் தொட அனுமதி இருந்ததில்லை.

அதற்குப் பின் நெடுங்காலம் அடுப்பு மூட்டியது பெரும்பாலும் நான்தான். தென்னமெரிக்க நாடுகளுக்கான கோப்பா அமெரிக்கா போட்டியின் 2004 இறுதியாட்டத்தில் 2-1 என்று நாங்கள் முன்னிலையில் இருக்க, தொண்ணூறு நிமிடம் கடந்து விசில் ஊதும் தறுவாயில் அட்ரியானோ அடித்த கோல் இன்றும் என்னை உறுத்துகிறது. கடைசியில் பெனால்டியில் தோற்றோம். 2005-இல் கான்ஃபெடரேஷன்ஸ் கோப்பையில் 4-1, 2007 கோப்பாவில் 3-0, இரண்டுமே நாங்கள் தோற்ற இறுதியாட்டங்கள். நடுவே 2008 பெய்ஜிங் ஒலிம்பிக் அரையிறுதியில் அகுவேரோவின் இரண்டு கோல்களாலும் ரிக்கெல்மேயின் பெனால்டியாலும் 3-0 என்று வென்றது ஓர் ஆறுதல். நட்பு ஆட்டங்கள் எங்கள் கணக்கில் சேராது. ஆனாலும் 2012-இல் நியூ ஜெர்சியில் மெஸ்ஸி மூன்று கோல் அடித்து 4-3 என்று வென்ற ஆட்டத்திற்கு மட்டும் மாமா தாமாகவே சாயா போட்டார்.

எல்லாவற்றிலும் நான் மேலாக வைப்பது 2021 ஜூலை 11-ஆம் தேதி விடியற்காலையைத்தான். கோவிட் காலமாதலால் வீட்டில் மாமா, அத்தை, அவர்களுடைய மகன், நான் ஆகிய நால்வர் மட்டுமே. ரியோ டி ஜெனிரோவின் மாரக்கானா மைதானத்தில் பிரேசிலோடு கோப்பா இறுதியாட்டம்; அதே இடத்தில்தான் 2014-இல் ஜெர்மனியிடம் உலகக் கோப்பையை இழந்திருந்தோம், காயத்தால் அந்த ஆட்டத்தில் எங்கள் டி மரியா இறங்கவே இல்லை. அதற்கு முன் பிரேசில் தன் மண்ணில் கோப்பா நடத்திய ஐந்து முறையும் கோப்பை அதன் வீட்டை விட்டுப் போனதில்லை. 22-ஆம் நிமிடத்தில் டி பால் தன் பாதியிலிருந்து நீளமாக அடித்த பந்து ரெனான் லோடியின் காலுக்கு அகப்படாமல் நழுவ, டி மரியா அதை ஒரு தொடுகையில் அடக்கி, முன்னே வந்த கோல் கீப்பர் எடர்சனின் தலைக்கு மேலே மெல்லத் தூக்கிவிட்டார். பந்து வலைக்குள் இறங்கும்வரை எங்கள் வீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. அதன்பின் எழுபது நிமிடத்தை நான் எப்படிக் கடந்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. ரிச்சார்லிசன் அடித்த கோல் ஆஃப்சைடு என்று மறுக்கப்பட்டபோது அத்தையின் ஜெபமாலையை நான் பிடுங்கி வைத்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

விசில் ஊதியதும் மெஸ்ஸி முழங்காலில் விழுந்து முகத்தைப் பொத்திக்கொண்டார். 1993-க்குப் பின் இருபத்தெட்டு ஆண்டுகள் கழித்து எங்களுக்குக் கிடைத்த முதல் கோப்பை அது. நான் அழுதேன். அழுதுகொண்டிருந்த நெய்மர் மெஸ்ஸியைத் தேடிப் போய்க் கட்டிக்கொண்டதைப் பார்த்த மாமா, "அந்தப் பயலுக்கு இது கிட்டாமப் போயிருந்தா எனக்கும் வருத்தமாத்தான் இருந்திருக்கும் மருமோனே" என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனார். எதிரணிக்காரர் ஒருவர் வாயிலிருந்து நான் கேட்ட சொற்களில் இதைவிடப் பெரிதாக ஒன்றும் இல்லை.

2023 நவம்பரில் அதே மாரக்கானாவில், பார்வையாளர் பகுதியில் மூண்ட கைகலப்பால் அரைமணி நேரம் தாமதமாகத் தொடங்கிய தகுதிச் சுற்று ஆட்டத்தில், லோ செல்சோ எடுத்த கார்னரை ஓட்டமென்டி தலையால் முட்டி வென்றோம். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றில் சொந்த மண்ணில் பிரேசில் கண்ட முதல் தோல்வி அது. அப்போது மாமாவின் மகன் ஆழ்கடலில் இருந்தான். சில நாள் கழித்து அவன் போன விசைப்படகு தேங்காய்ப்பட்டணம் துறைமுகத்துக்குள் நுழைகையில், கயிறு எறிவதற்கு முன்பே படகின் முன்முனையான அணியத்தில் நின்றுகொண்டு அவன் கையை ஆட்டி எத்தனை என்று கேட்டான். நான் ஒரு விரலைக் காட்டினேன். தன் அணிதான் அடித்தது என்று எண்ணி அவன் துள்ளினான்; படகு சுவரை உரசும் நெருக்கத்தில் என் சட்டையின் நீலக் கோடுகளைத் தொட்டுக் காட்டிய பிறகுதான் அவன் முகம் மாறியது.

கடைசியாக 2025 மார்ச் 26, இந்திய நேரப்படி அதிகாலை ஐந்தரை மணி, ஆட்டம் பியூனஸ் ஐரிஸில். பிரேசிலின் ரஃபின்யா முன்னதாக ஆவேசமாகப் பேசியிருந்தார். காயம்பட்டிருந்த மெஸ்ஸி அணியில் இல்லாததால் மாமா தெம்பாகவே வந்து உட்கார்ந்தார். நான்காம் நிமிடத்தில் அல்வாரெஸ், பன்னிரண்டாம் நிமிடத்தில் என்சோ, முப்பத்தேழில் மக் அலிஸ்டர். அந்தக் காலத்தில் பிரேசிலோடு மல்லுக்கு நின்ற தியேகோ சிமியோனேவின் மகன் ஜூலியானோ எழுபத்தொன்றாம் நிமிடத்தில் நான்காவதை அடித்தபோது, எழுபதை நெருங்கும் மாமா விசிலுக்குக்கூடக் காத்திராமல் எழுந்து அடுக்களைக்குப் போய்விட்டார்.

திரும்பி வந்தவர் கையில் தட்டு இருந்தது. "கோலுக்கு ஒண்ணுண்ணு குடிக்கணும்" என்று சொல்லி நான்கு கிளாஸ் கட்டன் சாயாவை என் முன்னால் வரிசையாக வைத்தார். பிரேசிலுக்காக மத்தேயுஸ் குன்யா அடித்த ஒன்றுக்கு, ஐந்தாவது கிளாஸைத் தம் கையிலேயே வைத்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்தார்.