அம்மாவுக்கும் மாமாவுக்கும் ஒரே டோபமைனா?

கடைசிபெஞ்ச்:
அம்மாவுக்கு பார்க்கின்சன், ஐந்து வருடமாக லெவோடோபா சாப்பிடுகிறார். மாமாவுக்கு மனச்சிதைவு, ஹாலோபெரிடால் கொடுக்கிறார்கள், கொஞ்ச நாளாக அவருக்கும் அம்மா மாதிரியே கை நடுங்குகிறது, நடையும் தளர்ந்துவிட்டது. இரண்டு டாக்டர்களும் டோபமைன் என்றே சொல்கிறார்கள். அதெப்படி? இதை யார் கண்டுபிடித்தது?

முயல்காது:
டோபமைன் என்பது மூளை நரம்புகளுக்கு இடையே சேதி கொண்டுபோகும் பொருள். அம்மாவுக்கு அது குறைந்துவிட்டது, மாமாவுக்கு மருந்து அதன் வேலையைத் தடுக்கிறது. இந்த இரண்டு முனையையும் தொட்டது ஒரே ஆள், ஸ்வீடனின் ஆர்விட் கார்ல்சன். முதலில் அவர் கால்சியத்தில்தான் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். அது மருந்தியலுக்கு அவ்வளவு முக்கியமில்லை என்று சொல்லி வேலை கொடுக்காமல் விட்டுவிட்டார்கள், அந்தக் கடுப்பில் மூளைப் பக்கம் வந்தார் (நல்லதாகப் போயிற்று). லுண்ட் பல்கலைக்கழகத்தில் முயல்களுக்கு ரெசர்பின் போட்டார், அதாவது நம் ஊர் சர்ப்பகந்தி வேரிலிருந்து எடுக்கும், மூளையின் சேதிப் பொருள்களைக் காலி செய்துவிடும் மருந்து. முயல்கள் அசையாமல் உட்கார்ந்துவிட்டன. அப்புறம் டோபா (மூளையில் டோபமைனாக மாறும் பொருள், அம்மாவின் லெவோடோபா இதன் ஒரு வடிவம்தான்) ஊசி போட்டதும் எழுந்து ஓடின. மூளையில் இன்னொரு சேதிப் பொருளான நார்அட்ரினலின் திரும்பியிருக்கும் என்று பார்த்தால் அது இல்லை, டோபமைன் இருந்தது! இதெல்லாம் 1957-58ல். அதுவரை டோபமைனை நார்அட்ரினலின் தயாராகும் வழியில் வரும் ஒரு இடைப்பொருள் என்றுதான் நினைத்திருந்தார்கள்.

மாமாவின் கதை 1963ல் வருகிறது. மனச்சிதைவு மருந்துகளான குளோர்புரோமசின், ஹாலோபெரிடால் கொடுத்த எலிகளின் மூளையில் டோபமைன் சிதைந்து வரும் பொருள்கள் கூடியிருந்தன. டோபமைன் வந்து பொருந்தும் இடமான ஏற்பியை மருந்து அடைத்துக்கொள்கிறது, சேதி போய்ச் சேரவில்லை என்று நரம்பு இன்னும் இன்னும் சுரக்கிறது என்று ஊகித்தார். அந்த அடைப்பு அசைவைக் கவனிக்கும் பகுதியிலும் விழுவதால்தான் நடுக்கம்.

வியன்னாகாபி:
எல்லாவற்றையும் கார்ல்சன் கணக்கில் எழுதிவிடாதீர்கள். இறந்துபோன பார்க்கின்சன் நோயாளிகளின் மூளையில் டோபமைன் குறைந்திருப்பதை 1960ல் காட்டியவர் வியன்னாவின் ஹார்னிகீவிச், மறு வருடமே பிர்க்மேயரோடு சேர்ந்து நோயாளிகளுக்கு லெவோடோபா கொடுத்தும் பார்த்தார். 2000ல் நோபல் கார்ல்சன், கிரீன்கார்ட், காண்டெல் மூவருக்கும் போனது, இவரை விட்டுவிட்டார்கள். 200க்கும் மேற்பட்ட விஞ்ஞானிகள் கையெழுத்துப் போட்டுக் கேட்டும் பலனில்லை. எனக்கு இன்னும் ஆறவில்லை.

முயல்காது:
அது சரி, ஒத்துக்கொள்கிறேன். கார்ல்சனுக்கும் எல்லாம் ஜெயம் இல்லை. அவர் பங்கில் வந்த மனச்சோர்வு மருந்து சிமெலிடின், அதே வகையில் பிரபலமான புரோசாக்குக்கு முன்பே 1982ல் கடைக்கு வந்தது, சிலருக்கு கில்லன்-பாரே என்ற, கைகாலைச் செயலிழக்க வைக்கும் நரம்பு நோய் வந்ததால் அடுத்த வருடமே எடுத்துவிட்டார்கள்.

கடைசிபெஞ்ச்:
அப்படியானால் மாமாவுக்கு அம்மாவின் மாத்திரையைக் கொடுத்தால் நடுக்கம் நிற்குமா?

முயல்காது:
ஐயோ, வேண்டாம்! மனச்சிதைவு கிளம்பிவிடலாம். ஹாலோபெரிடாலை நீங்களாக நிறுத்தவும் கூடாது. நடுக்கத்தை டாக்டரிடம் சொல்லுங்கள், அளவைக் குறைப்பார் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார். அம்மாவுக்கு வாந்தி என்றால் மெட்டோகுளோபிரமைடு வாங்கிக் கொடுத்துவிடாதீர்கள், அதுவும் டோபமைனை அடைக்கிற ஆள்தான்.