கேம் லீன்: சாய்வா, கோட்டமா?

> காம்பவுண்டு வில்லின் ‘கேம் லீன்’ என்பதற்கு ‘நெம்புருள் சாய்வு’ என்றே வைத்துவிடலாம். எல்லோருக்கும் புரியும்.

ஐயா, வணக்கம். நெம்புருள் சரி; காம்பவுண்டு வில்லின் கை நுனியில் சுழலும் சக்கரமான ‘கேம்’ என்பதற்குப் பொறியியலில் ஏற்கெனவே புழங்கும் சொல். சாய்வுதான் இடிக்கிறது.

போன வாரம் பயிற்சித் திடலில் ஒரு பெண்ணிடம், “மேல சாயுதும்மா, பாத்தியா?” என்றேன். அவள் சட்டென்று மணிக்கட்டைத் திருப்பி வில்லை நிமிர்த்தினாள். குறிபார்க்கும் சைட்டில் இருக்கும் ரசமட்டக் குமிழைப் பார்த்துவிட்டு, “இப்ப நேரா இருக்கு சார்” என்றாள். அவள்மேல் தப்பில்லை. வில்லையே பக்கவாட்டில் சாய்த்துப் பிடிப்பது வேறு குறை. சாய்வு என்ற சொல் அதற்கு வேண்டும்.

நாம் பெயர் தேடுவது வில்லின் உள்ளே நடக்கும் கோளாறுக்கு. இந்த வில்லில் நாண் தவிர, மேல் கையையும் கீழ்க் கையையும் இணைக்கும் கயிறுகளும் உண்டு. அம்புக்கு வழிவிட அவற்றை ஒரு கம்பி பக்கமாக ஒதுக்கிப் பிடிக்கிறது. வில்லை முழுக்க இழுத்ததும் நாணின் பாரம் குறைந்து கயிறுகளின்மேல் ஏறுகிறது. அவை ஒதுங்கிய பக்கம் இழுக்க, வில்லின் வளையும் கை முறுகி, நெம்புருள் நாணின் நேரைவிட்டு விலகுகிறது.

என் பரிந்துரை ‘கோட்டம்’. அயனாவரத்தில் நான் சிறுவனாக இருந்தபோது சைக்கிள் கடையில் கேட்ட சொல் இது. வண்டியைக் கவிழ்த்து, சக்கரத்தைச் சுற்றவிட்டு, ரிம் ஓரமாகச் சாக்பீஸைப் பிடிப்பார் கடைக்காரர். எங்கே தீற்றுகிறதோ அங்கே அந்தப் பக்கத்துக் கம்பியைத் தளர்த்தி எதிர்ப்பக்கத்தை முறுக்குவார். அதுதான் கோட்டம் எடுப்பது. ‘ஒருபால் கோடாமை’ என்று குறள் தராசைச் சொல்வதும் இதே வேர்தான்.

நெம்புருள் அமைப்பைப் பொறுத்துக் காம்பவுண்டு வில்லில் வகைகள் உண்டு. ஒற்றை நெம்புருள் வில்லிலும் ஹைபிரிட் வில்லிலும் செய்வது கிட்டத்தட்ட அதே வேலை. மேலே கயிறு கவட்டையாகப் பிரிந்து அச்சின் இரு முனைகளையும் பிடிக்கிறது. வில்லை அமுக்கிப் பிடிக்கும் பிரஸ்ஸில் வைத்து, ஒரு கிளையில் அரைச் சுற்று ஏற்றி, மற்றதில் அரைச் சுற்று இறக்குகிறோம். வலக்கைக்காரர் சோதனைக்காகக் காகிதத்தினூடே எய்யும்போது அம்பின் வால் இடப்பக்கம் கிழித்தால் இடக்கிளையை முறுக்க வேண்டும். பைனரி என்ற இன்னொரு வகையில் பெரும்பாலும் கவட்டை இல்லை. அச்சில் வாஷர்களை மாற்றி நெம்புருளையே நகர்த்துகிறோம். அங்கேயும் கோட்டம் எடுப்பது என்றே சொல்லலாம், வழிதான் வேறு.

கோட்டம் என்றால் வள்ளுவர் கோட்டமும் ரயில்வேயின் சென்னைக் கோட்டமும்தானே நினைவுக்கு வரும் என்று கேட்பீர்கள். ‘நெம்புருள் கோட்டம்’ என்று சேர்த்துச் சொன்னால் யாரும் குழம்பமாட்டார்கள்.

ஒரு சிக்கல் உண்டு. அம்பை நெம்புருளின் பக்கத்தில் ஒட்டி வைத்து, அது நாணுக்கு இணையாகப் போகிறதா என்று பார்ப்பது இழுக்காத வில்லில். அப்போது கொஞ்சம் கோணி நிற்பது, இழுத்ததும் நேராகிவிடலாம். அதை அவசரப்பட்டு எடுத்துவிட்டால் இழுக்கும்போது கெடும். அதனால் ‘ஓய்வுக் கோட்டம்’, ‘இழுவைக் கோட்டம்’ என்று இரண்டாகவே பதிவு செய்யலாம் என்கிறேன். 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் காம்பவுண்டு கலப்பு அணிப் போட்டி முதன்முறையாக வருகிறது. அதற்குள் இந்தச் சொற்கள் நம் பிள்ளைகள் வாயில் பழகிவிட வேண்டும்.

கவட்டையாகப் பிரியும் கயிற்றை நான் ‘கவட்டைக் கயிறு’ என்கிறேன். ‘கவைக்கயிறு’ இன்னும் சின்னதாக இருக்குமோ? உங்கள் காதுக்கு எது ஒத்துவருகிறது ஐயா?