கடைசியில் நிஜக் காட்சி வந்தால் அதுவரை வந்ததெல்லாம் பொய்யா?

மைக்கூடு:
நேற்று ஆவணப்படத் திரியில் வடபழனி வாசு சார் போகிறபோக்கில் இப்படி எழுதிவிட்டுப் போனார்: "படம் வரைந்து காட்டுவது ஆவணப்படம் ஆகாது. 'வால்ட்ஸ் வித் பஷீர்' எடுத்தவரே கடைசியில் நிஜக் காட்சிக்கு ஓடிவிட்டார்." அதற்கு அங்கே ஏகப்பட்ட கைதட்டல். வயிறு எரிந்துதான் தனித் திரி போடுகிறேன்.

படம் பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். அதை எடுத்த ஆரி ஃபோல்மன் 1982 லெபனான் போரில் பத்தொன்பது வயது இஸ்ரேலியச் சிப்பாய். அந்த செப்டம்பரில் பெய்ரூட்டின் சப்ரா, ஷத்திலாவில் பாலஸ்தீன அகதிகளை ஃபலாஞ்சிப் படையினர் (லெபனான் கிறிஸ்தவ ஆயுதக் குழு) கொன்று குவித்தார்கள். இஸ்ரேல் ராணுவம் சுற்றி வளைத்து நின்று வானத்தில் வெளிச்சக் குண்டு விட்டுக்கொண்டிருந்தது. அப்போது தான் எங்கே நின்றோம் என்பது ஃபோல்மனுக்கு நினைவில்லை. கூட இருந்தவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கேட்கிறார். 2008இல் வந்த 'வால்ட்ஸ் வித் பஷீர்' இதுதான். முழுக்க வரைந்த அனிமேஷன், கடைசியில் மட்டும் நிஜச் செய்திக் காட்சி.

மஞ்சள் வெளிச்சத்தில் சில பையன்கள் கடலிலிருந்து நிர்வாணமாக எழுந்து கரைக்கு நடக்கும் காட்சி திரும்பத் திரும்ப வருகிறது. நடந்ததா என்று அவருக்கே தெரியாத ஒன்று அது. எந்தக் கேமராவைக் கொண்டுபோய் அங்கே வைப்பீர்கள் சார்?

வடபழனி வாசு:
இவ்வளவு எழுதியவர் என் கேள்வியைத் தொடவே இல்லை. வரைந்ததே போதும் என்றால் கடைசியில் செய்திக் காட்சியை ஏன் போட்டார்? கேமரா தூக்கிச் சோறு தின்கிறவன் நான். பிணங்கள் கிடந்த தெருவை ஒருவன் நின்று படம் எடுத்திருக்கிறான். ஃபோல்மன் கடைசியில் அவனிடம்தான் கடன் வாங்கினார்.

தறிநாடா:
வாசு அண்ணா, ஆவணப்படம் என்றால் என்ன என்று நீங்கள் இருவரும் முதலில் ஒரு வரியில் சொல்லிவிட்டால் நல்லது.

வடபழனி வாசு:
அதெல்லாம் கல்லூரிப் பேச்சு, தம்பி. கடைசியில் ஏன் போட்டார்? அதற்குப் பதில் வரட்டும்.

மைக்கூடு:
வருகிறது. அந்த இடத்தை மறுபடி ஓட்டிப் பாருங்கள். அழுதுகொண்டே வரும் பெண்களோடு சேர்ந்து வரைபடம் நகர்கிறது. அவர்களைத் தாண்டிச் சிப்பாய் ஃபோல்மனின் முகத்துக்குப் போகிறது. மூச்சு வாங்குகிறது. அங்கே வெட்டு. பிறகுதான் நிஜப் பெண்கள், நிஜப் பிணங்கள். அதுவரை அவன் தலைக்குள் இருந்தோம், அந்த வெட்டில் வெளியே வந்து விழுகிறோம். ஒன்றரை மணி நேரம் வரைந்து காட்டியிருக்காவிட்டால் அந்த வெட்டுக்கு இந்த அடி இருக்காது. நேராகச் செய்திக் காட்சியைப் போட்டிருந்தால் நாம் அதுவரை பார்த்த நூறு செய்திக் காட்சிகளோடு இதுவும் போயிருக்கும்.

வடபழனி வாசு:
ஆக, அடி விழுந்தது நிஜக் காட்சியால்தான். நன்றி.

சைதை மணி:
எனக்கு ஒரு சந்தேகம். அது முழுக்க ரோட்டோஸ்கோப்தானே? வீடியோ எடுத்து அதன் மேலேயே வரைந்துவிட்டார்கள் என்று கேள்விப்பட்டேன். அதில் என்ன பெரிய கலை?

மைக்கூடு:
இல்லை! எத்தனை வருடமாக இதே பொய் சுற்றுகிறது! ரோட்டோஸ்கோப் என்றால் படச்சுருளின் ஒவ்வொரு சட்டத்தையும் அடியில் வைத்து மேலே வரைவது. மேக்ஸ் ஃப்ளைஷர் 1917இல் காப்புரிமை வாங்கிய முறை. பஷீரில் முதலில் ஸ்டுடியோவில் வீடியோ எடுத்துத் தொகுத்தார்கள். அதை வைத்து ஸ்டோரிபோர்டு, அதாவது காட்சிவாரியான கோட்டுப்படங்கள், போட்டார்கள். அதற்கப்புறம் கலை இயக்குநர் டேவிட் பொலான்ஸ்கியின் ஆட்கள் சுமார் 2,300 படங்களைப் புதிதாக வரைந்தார்கள். அனிமேஷன் இயக்குநர் யோனி குட்மனின் ஆட்கள் அந்தப் படங்களைத் துண்டு துண்டாகப் பிரித்து 'ஃப்ளாஷ்' என்ற அனிமேஷன் மென்பொருளில் அசைத்தார்கள். கண்ணிமை ஒரு துண்டு, உதடு ஒரு துண்டு. ஒரு முகம் லேசாகத் திரும்ப வேண்டும் என்றால் அத்தனையையும் ஒன்றோடொன்று இழுத்துப் பிடிக்க வேண்டும். செய்து பார்த்தவனுக்குத்தான் அந்த முதுகுவலி தெரியும்.

வடபழனி வாசு:
சரி, வீடியோ இருந்திருக்கிறது. அதை வெளியிட என்ன தடை? பேசுகிற மனிதரின் முகத்தை மூடி, மேலே கார்ட்டூன் முகம் ஒட்டியிருக்கிறார்கள். போதாததற்கு இரண்டு பேருக்கு நடிகர்கள் குரல் கொடுத்திருக்கிறார்கள். முகம் வரைந்தது, குரல் நடிகருடையது. மிச்சம் எது ஆவணம், சொல்லுங்கள்.

மைக்கூடு:
அந்த இரண்டு பேரும் தாங்களாக வெளியே தெரிய விரும்பாதவர்கள். மற்றவர்கள் பேசியது சொந்தக் குரலில்தான். 'ஃப்ளீ' பாருங்கள். டென்மார்க்கின் யோனாஸ் போஹர் ராஸ்முஸன் 2021இல் எடுத்தது. ஆஃப்கானிஸ்தானிலிருந்து தப்பி வந்தவர் தன் கதையைத் தானே சொல்கிறார். அதில் 'அமீன்' என்பது புனைபெயர். முகம் காட்டாமல் பேச முடிந்ததால்தான் பேசினார். நினைவு தடுமாறும் இடங்களில் கோடுகளும் கரிபூசிய மாதிரிக் கலங்கிப்போகின்றன. நினைவில்லை என்பதைக் கேமரா எப்படிக் காட்டும்? ஆவணப்படம், அனிமேஷன், வெளிநாட்டுப் படம் என்று மூன்று பிரிவிலும் ஆஸ்கர் பரிந்துரை வாங்கிய முதல் படம் அது.

வடபழனி வாசு:
ஃப்ளீயிலும் நடுநடுவே காபூலின் பழைய செய்திக் காட்சிகள் வருகின்றன. அதைச் சொல்ல மறந்துவிட்டீர்களே. ஆஸ்கர்காரன் சான்றிதழை நீங்களே சட்டம் போட்டு மாட்டிக்கொள்ளுங்கள்.

தறிநாடா:
'டவர்' படத்தையும் சேர்க்கலாம். 1966 ஆகஸ்ட் 1இல் டெக்ஸஸ் பல்கலைக்கழகக் கோபுரத்திலிருந்து ஒருவன் சுட்டதைப் பற்றியது. பிழைத்தவர்கள் சொன்னதை இளம் நடிகர்கள் பேசுகிறார்கள், அதன்மேல் ரோட்டோஸ்கோப். பிற்பாதியில் வயதான நிஜ முகங்கள் வரும்போது எனக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வடபழனி வாசு:
பார்த்தீர்களா! அங்கேயும் நிஜ முகம்தான் தூக்கிவாரிப்போட்டிருக்கிறது. உங்கள் ஆளே எனக்குச் சாட்சி சொல்கிறார், மைக்கூடு.

மைக்கூடு:
தறிநாடா, உதவி செய்கிறேன் என்று காலை வாராதீர்கள்.

வாசு சார், காட்சியே எடுக்கப்படாத சம்பவத்துக்கு வருவோம். 1915 மே 7இல் லூசிடேனியா கப்பலை ஜெர்மன் நீர்மூழ்கி தாக்கியது. பதினெட்டே நிமிடத்தில் மூழ்கியது, ஆயிரத்துக்கு மேல் பலி. ஒரு அடி படச்சுருள் கிடையாது. அமெரிக்கக் கார்ட்டூன் ஓவியர் வின்ஸர் மெக்கே சுமார் 25,000 படங்கள் வரைந்து 1918இல் அதைத் திரையில் கொண்டுவந்தார். உங்கள் கணக்குப்படி அந்தக் கப்பல் மூழ்கவே இல்லையா?

வடபழனி வாசு:
கடைசியில் ஒரு தாய் குழந்தையை நீருக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி மூழ்குகிறாள். அதைப் பார்த்தது யார்? மெக்கே கப்பலில் இருந்தாரா? அமெரிக்கா போரில் இருந்த நேரத்தில் வந்த போர்ப் பிரச்சாரம் ஐயா அது. வரைகிறவன் எதை வேண்டுமானாலும் வரைவான், நான் பயப்படுவதே அதற்குத்தான். கேமரா இல்லாததைச் சேர்க்காது.

மைக்கூடு:
கேமரா இல்லாததைச் சேர்க்காது! கல்யாண வீடியோ எடுக்கிறவர் சொன்னால் நம்பலாம். எதை வைத்து எடுக்கிறோம், எதை விடுகிறோம், யாரை நிற்கச் சொல்கிறோம் என்று உங்களுக்குத் தெரியாதா? வரைந்த படம் 'இதை ஒருவன் வரைந்தான்' என்பதை ஒவ்வொரு சட்டத்திலும் ஒத்துக்கொள்கிறது. உங்கள் காட்சி அதை மறைக்கிறது.

வடபழனி வாசு:
கல்யாண வீடியோவா? எனக்குச் சோறு போட்ட தொழில். ஒரு விழாத் தேர்வுக் குழுவில் உட்கார்ந்து என் மீனவர் படத்தை 'வெறும் பதிவு' என்று தள்ளிய கூட்டத்தில் நீங்களும் இருந்தீர்கள். நான் மறக்கவில்லை.

மைக்கூடு:
அது குழுவின் முடிவு. இங்கே ஏன் இழுக்கிறீர்கள்?

சைதை மணி:
ஓ, விஷயம் இதுதானா!

கானல்:
இருவரும் அந்தக் கடைசிக் காட்சியைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள், அதில் இருக்கும் பெண்ணைப் பற்றி ஒருவர்கூடப் பேசவில்லை. அவள் அரபியில் கதறுகிறாள். நான் பார்த்த பிரதியில் அதற்குத் துணையெழுத்து இல்லை. சிப்பாய்களின் பேச்சுக்கெல்லாம் இருந்தது. வரைந்த பகுதியிலும் உட்கார்ந்து நினைவு சொல்ல ஒரு பாலஸ்தீனருக்கும் இடமில்லை.

மைக்கூடு:
தோழர், அது சிப்பாயின் நினைவு பற்றிய படம். அவனுக்கு அந்த மொழி புரியாது, நமக்கும் புரியவில்லை. அதுதான் வடிவம்.

கானல்:
செத்தவர்களை ஊமையாக்குவதற்கு வடிவம் என்று பெயர் வைக்காதீர்கள்.

வடபழனி வாசு:
கானல் சொல்வதைக் கவனியுங்கள். அவளை வரைந்திருந்தால் அந்தக் கதறலாவது கேட்டிருக்குமா?

கானல்:
உங்களுக்காக நான் பேசவில்லை, சார். அந்தக் காட்சியை நீங்களும் ஆதாரச் சீட்டு மாதிரிதான் நீட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

மைக்கூடு:
கதறல் கேட்பது ஒலியால். ஒலியைப் பற்றி இந்தத் திரியில் இதுவரை யாரும் வாயே திறக்கவில்லை. ஜான் ஹப்லி, ஃபெய்த் ஹப்லி தம்பதி தங்கள் பிள்ளைகள் விளையாடும்போது பேசியதைப் பதிவு செய்து, அதற்குப் படம் வரைந்து 1959இல் 'மூன்பேர்ட்' எடுத்தார்கள். அதில் குரல் நிஜமா பொய்யா? வாசு சார் இதற்குப் பதில் சொல்லட்டும், பிறகு பேசுவோம்.

வடபழனி வாசு:
குழந்தைகள் விளையாட்டையும் கொலையையும் ஒரே தராசில் வைக்கிறவரோடு என்ன பேசுவது? அந்தத் தேர்வுக் குழுவில் என் படத்தை முழுதாகப் பார்த்தீர்களா, பாதியில் எழுந்தீர்களா? அதற்கு முதலில் பதில் சொல்லுங்கள்.