வேவ்கைடில் அளந்த அலைநீளம் மீட்டரோடு ஒத்துப்போகவில்லை: எந்த மோடு ஓடுகிறது?

அலைதேடி:
எக்ஸ்-பேண்ட் நுண்ணலை பெஞ்சில் வேலை. கைடு (அலையைக் கடத்தும் வெற்று உலோகக் குழாய்) டபிள்யூஆர்-90 ரகம், உள்ளளவு 22.86 × 10.16 மி.மீ. முனையில் ஷார்ட் (அலையைத் திருப்பி அனுப்பும் உலோக மூடி) வைத்து, ஸ்லாட்டட் லைனில் (நீளவாக்கில் பிளவுள்ள கைடுத் துண்டு) புரோபை (புலத்தை உணரும் ஊசி) நகர்த்தினால், புலம் மிகக் குறையும் அடுத்தடுத்த இரண்டு மினிமத்துக்கு நடுவே 19.85 மி.மீ. வருகிறது. இது அரை அலைநீளம், இரட்டித்தால் 39.7. ஒளிவேகத்தை இதால் வகுத்தால் 7.55 கிகாஹெர்ட்ஸ். ஆனால் அதிர்வெண் அளக்கும் கேவிட்டி மீட்டரில் டிப் (ரீடிங் சரியும் இடம்) 10 கிகாஹெர்ட்ஸில் விழுகிறது. மீட்டர் கோளாறா, வேறு மோடு (கைடுக்குள் புலம் அமையும் விதம்) ஏதும் கிளம்பிவிட்டதா? எத்தனை முறை அளந்தாலும் இதேதான்.

நுண்ணலை:
மீட்டரும் சரி, உங்கள் அளவும் சரி. 39.7 என்பது கைடுக்குள் இருக்கும் அலைநீளம். அது வெட்டவெளி அலைநீளத்தைவிட எப்போதும் நீளம்தான். கைடின் அடிப்படை மோடான டிஇ10-இன் கட்ஆஃப் அலைநீளம் (வெட்டவெளியில் இதைவிட நீளமான அலை கைடில் பரவாது) கைடு அகலத்தைப்போல் இரு மடங்கு, அதாவது 45.72 மி.மீ. 39.7, 45.72 இரண்டையும் தனித்தனியே வர்க்கப்படுத்தி, தலைகீழாக்கிக் கூட்டுங்கள். கூட்டுத்தொகையின் வர்க்கமூலத்தைத் தலைகீழாக்கினால் 29.98 மி.மீ. கிடைக்கும். அதுதான் உங்கள் 10 கிகாஹெர்ட்ஸ். ஓடுவது டிஇ10 என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டாம்.

அலைதேடி:
மிக்க நன்றி. இப்போது போட்டுப் பார்த்தேன், அப்படியே வருகிறது! ஆனால் கோஆக்சியல் கேபிளில் இந்தத் திருத்தமே வேண்டியதில்லையே, ஏன்?

புலக்கோடு:
கோஆக்சில் ஓடுவது டிஇஎம், அதாவது மின்புலம், காந்தப்புலம் இரண்டுமே அச்சுக்குக் குறுக்காக மட்டும் இருக்கும் மோடு. அதற்குக் கட்ஆஃப் கிடையாது. காரணம் நடுக்கம்பி. காந்தக் கோடுகள் மூடிய வளையங்கள். குறுக்குவெட்டுத் தளத்தில் ஒரு வளையம் இருந்தால் அதன் ஊடாக அச்சுத் திசையில் மின்னோட்டம் பாய்ந்தாக வேண்டும். கோஆக்சில் கம்பி அதைத் தருகிறது. வெற்றுக் குழாயில் இடப்பெயர்ச்சி மின்னோட்டம்தான் தர முடியும், அதற்கு அச்சுத் திசையில் மின்புலம் வேண்டும். அது வந்துவிட்டால் டிஎம். மின்புலம் வராமல் காந்தப்புலத்துக்கு அச்சுத் திசைக் கூறு இருந்தால் டிஇ. இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். மைக்ரோஸ்ட்ரிப்பில் (சர்க்யூட் போர்டின் மேல் ஓடும் உலோகப் பட்டை) புலம் பாதி காற்றிலும் பாதி போர்டிலும் இருப்பதால் குவாசி-டிஇஎம், அதாவது ஏறக்குறைய டிஇஎம். ஃபைபரின் அடிப்படை மோடான எச்இ11-இல் அச்சுத் திசைக் கூறுகள் இரண்டுமே உண்டு.

அலைதேடி:
என் கைடில் அடுத்த மோடான டிஇ20 கொஞ்சமாவது கலந்திருக்குமா?

நுண்ணலை:
இந்தக் கைடில் அதன் கட்ஆஃப் 13.11 கிகாஹெர்ட்ஸ். 10-இல் ஊட்டினால் அது பரவாது, ஒரு செ.மீ.க்குச் சுமார் 15 டெசிபெல் வீதம் தேய்ந்துவிடும். அதைவிடப் புரோப் ஆழத்தைக் கவனியுங்கள். அதிகம் இறக்கினால் புலமே கலைந்து அளவு பிசகும். மினிமத்தின் இடத்தை நேரடியாகத் தேட வேண்டாம். இருபுறமும் ஒரே ரீடிங் காட்டும் இரண்டு புள்ளிகளைக் குறித்து, அவற்றின் நடுவை எடுங்கள்.