டாக்கில் நிற்கும் லாரி முன்னால் நகர்கிறது. ஹேண்ட் பிரேக் போட்டால் போதாதா?

கிடங்கு_ஒரகடம்:
வணக்கம். எங்கள் குடோனில் ஆறு டாக், அதாவது லாரி பின்பக்கம் ஒட்டி நின்று சரக்கு இறக்கும் மேடை. எல்லாவற்றிலும் ஹைட்ராலிக் லெவலர் (டாக்கிலிருந்து லாரித் தரைக்குப் பாலமாகும் தகடு), நீளம் 2.5 மீட்டர், அதன் நுனியில் லாரித் தரைமேல் உட்காரும் லிப் 40 செ.மீ. வருவது பெரும்பாலும் 32 அடி கண்டெய்னர் லாரி, நடுநடுவே 14 அடி வண்டிகள். 3 டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட் லாரிக்குள் போய் பேலட் (சரக்கு அடுக்கிய பலகைத் தட்டு) எடுக்கிறது. பத்துப் பன்னிரண்டு பேலட் இறங்குவதற்குள் லாரி டாக் சுவரில் உள்ள ரப்பர் பம்பரை விட்டு நாலு விரற்கடை முன்னால் போய்விடுகிறது. ஹேண்ட் பிரேக் போட்டுத்தான் இருக்கிறது. முன்சக்கரத்துக்குச் செங்கல் கொடுத்தும் பார்த்தாயிற்று. நிர்வாகம் லாரியைப் பிடித்துவைக்கும் டாக் லாக் வாங்கலாம் என்கிறது. அதற்கு முன்னால் சரி செய்ய வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

லெவலர்காரர்:
ஃபோர்க்லிஃப்ட் உள்ளே போய் பிரேக் அடிக்கும்போது லாரியை முன்னால் தள்ளுகிறது. பேலட்டை எடுத்துக்கொண்டு ரிவர்ஸில் கிளம்பும்போது, அதன் டயர் லாரித் தரையை மறுபடியும் முன்னால்தான் உந்துகிறது. பின்னால் தள்ளும் விசையும் உண்டு. ஆனால் பின்னால் போகவிடாமல் டாக் பம்பர் தடுத்துவிடும். முன்னால் தடுக்க ஒன்றுமே இல்லை. அதனால் ஒவ்வொரு நடைக்கும் கொஞ்சம் கொஞ்சமாக ஒரே திசையில் நகரும். ஹேண்ட் பிரேக் சக்கரம் சுழலாமல்தான் பிடிக்கும். ஸ்பிரிங் பட்டையின் ஆட்டம், டயரின் நெளிவு, ஈரத்தரையில் வழுக்கல் இதையெல்லாம் அது பிடிக்காது. பாரம் இறங்க இறங்கப் பின்டயரின் பிடிப்பும் குறையும். கடைசிப் பேலட்டுகளில் நகர்வு அதிகமாக இருக்கிறதா என்று பாருங்கள், இருக்கும்.

செங்கல் வேண்டவே வேண்டாம், உடைந்து பொடியாகும். கட்டை கொடுக்கும் இடமும் தப்பு. டாக்குக்குப் பக்கத்தில் உள்ள பின்அச்சின் சக்கரத்துக்கு, அதுவும் டயரின் முன்பக்கம், அதாவது கேபின் இருக்கும் பக்கம் கொடுக்க வேண்டும். இரண்டு பக்கமும். டயரை ஒட்டி இடைவெளி இல்லாமல் தள்ளிவிடுங்கள். ஒரு சாண் தள்ளிக் கிடந்தால் அந்த ஒரு சாணுக்கு லாரி நகர்ந்துவிட்டுத்தான் நிற்கும். கட்டையின் உயரம் டயர் உயரத்தில் கால்வாசியாவது இருக்கட்டும். 20 அங்குல ரிம் டயர் ஏறக்குறைய ஒரு மீட்டர் உயரம், ஆகவே 25 செ.மீ. ரப்பர் கட்டை. சங்கிலி போட்டு டாக் சுவரில் கட்டிவிடுங்கள், இல்லாவிட்டால் மாதக் கடைசியில் ஒன்றும் மிஞ்சாது.

லிப் கணக்கையும் பாருங்கள். 40 செ.மீ. லிப்பில் பம்பரின் தடிமனே 10 முதல் 15 செ.மீ. வரை தின்றுவிடும். லாரித் தரையில் உட்காருவது 25 சொச்சம். குறைந்தபட்சம் 10 செ.மீ. உட்கார்ந்திருக்க வேண்டும். நாலு விரற்கடை நகர்ந்தபின்னும் இறக்குவதை நிறுத்தவில்லை என்றால் விளிம்பில்தான் ஓட்டுகிறீர்கள். இடைவெளி தெரிந்த உடனே ஃபோர்க்லிஃப்டை வெளியே எடுத்து, லிப்பைத் தூக்கி, லாரியை மறுபடி பம்பரில் ஒட்டவிட்டு, அதற்கப்புறம் தொடருங்கள்.

மாஸ்ட்_3டன்:
மேலே சொன்னது சரி. ஓட்டுகிறவர் பக்கமும் கொஞ்சம் இருக்கிறது. 3 டன் வண்டியின் சொந்த எடையே நாலேகால் டன் வாக்கில் வரும். மேலே இரண்டு டன் பேலட் ஏறினால் ஆறு டன்னுக்கு மேல், அதில் முக்கால்வாசி முன்சக்கரம் இரண்டில் மட்டும் நிற்கிறது. லாரித் தரையில் இற்றுப்போன பலகை, தகடு துருப்பிடித்த இடம் இருந்தால் அங்கேதான் இறங்கும். ஷட்டரைத் தூக்கியதும் டார்ச் அடித்துத் தரையை ஒருமுறை பார்க்காமல் உள்ளே போகக் கூடாது. 14 அடி வண்டிக்குள் ஃபோர்க்லிஃப்டை விடாதீர்கள் சார், அதற்குக் கையால் இழுக்கும் ஹேண்ட் பேலட் டிரக்கே போதும்.

அந்தச் சின்ன வண்டிகளில் இன்னொரு வில்லங்கம் உண்டு. தரை உயரம் டாக்கை விட மிகவும் தாழ்வாக இருக்கும், லெவலர் அதிகமாகச் சாயும். 12.5 சதவீதச் சரிவைத் தாண்டக் கூடாது. உங்கள் 2.5 மீட்டர் லெவலருக்கு அது 31 செ.மீ. வித்தியாசம்தான். ஹேண்ட் பேலட் டிரக்கில் பெரும்பாலும் பிரேக் கிடையாது; கீழ்நோக்கி ஓட ஆரம்பித்தால் முன்னால் நிற்கிற லோடுமேன் கால்தான் போகும். சரிவில் எப்போதும் மேல்பக்கம் நின்று பிடிக்கச் சொல்லுங்கள்.

ஃபோர்க்லிஃப்டில் பாரம் இருந்தால் பாரம் மேட்டுப் பக்கம் பார்த்திருக்க வேண்டும். காலி என்றால் பாரம் தூக்கும் முள் பள்ளத்துப் பக்கம். லெவலர் மேல் திருப்பாதீர்கள், அதன் மேலேயே பிரேக்கும் அடிக்காதீர்கள். உள்ளே நடை வேகம் போதும். வேகம் குறைந்தாலே லாரி நகர்வது பாதி குறையும். டீசல் வண்டி கண்டெய்னருக்குள் புகை கக்கும் விஷயம் தனிக்கதை. பேட்டரி வண்டிக்கு மாறச் சொல்லி எழுதிப்போடுங்கள்.

கிடங்கு_ஒரகடம்:
நன்றி. கட்டை விஷயம் புரிந்தது. இறக்கி முடியும்வரை லாரிச் சாவியை நாங்கள் வாங்கி வைக்கலாம் என்றால் டிரைவர்கள் சம்மதிப்பதில்லை. கேபினில் தூங்குகிறார்கள், போன் சார்ஜ் போடுகிறார்கள். டாக் லாக் போட்டால் சாவி தேவைப்படாது இல்லையா?

பாதுகாப்பு_மணலி:
டாக் லாக் என்பது லாரியின் பின்னால் தொங்கும் அந்தக் குறுக்குச் சட்டத்தைக் கொக்கி போட்டுப் பிடிப்பது. நம் ஊரில் பாதி லாரியில் அந்தச் சட்டம் வளைந்திருக்கும், சிலவற்றில் கம்பியால் கட்டித் தொங்கும். கொக்கி எதைப் பிடிக்கும்? உங்களுக்கு வரும் வண்டிகளை ஒரு வாரம் பார்த்து எண்ணிவிட்டு, அப்புறம் காசு போடச் சொல்லுங்கள். லாக் இருந்தாலும் கட்டையும் சாவியும் தேவை.

சாவிக்கு வழி இருக்கிறது. கையெழுத்துப் போட்ட எல்.ஆர். (லாரி ரசீது) காப்பியும் சாவியும் ஒரே ஆணியில் தொங்கட்டும். காப்பி இல்லாமல் டிரைவர் கிளம்ப மாட்டார், வாடகையே அதில்தான் இருக்கிறது. பதிலுக்கு அவருக்கு டாக் எண் போட்ட டோக்கன் கொடுங்கள். காத்திருக்கும் இடத்தில் மின்விசிறி, சார்ஜிங் பாயிண்ட், குடிதண்ணீர் இருந்தால் கேபினில் யாரும் கிடக்க மாட்டார்கள். இதைச் செய்யாமல் சாவி மட்டும் கேட்டால் சண்டைதான் வரும். மாற்றுச் சாவி வைத்திருப்பவர்களும் உண்டு. அதனால் சாவி வாங்கிய பிறகும் லாரியின் முன்பம்பருக்கு எதிரே ஒரு கோன் நிற்கட்டும்.

வண்டியை விடும்போது வரிசை முக்கியம். ஃபோர்க்லிஃப்ட் வெளியே வரணும். லெவலர் கிடை நிலைக்குத் திரும்பணும். ஷட்டர் இறங்கணும். அப்புறம்தான் கட்டையை எடுக்கணும், கோனை எடுக்கணும், கடைசியில் சாவி. கட்டையை எடுப்பவரும் சாவி கொடுப்பவரும் ஒரே ஆளாக இருக்கட்டும். டிரைவரோ கிளீனரோ கட்டையைத் தொடக் கூடாது. வண்டி ரிவர்ஸ் வரும்போது வழிகாட்டுபவர் டிரைவர் பக்கக் கண்ணாடியில் தெரிகிற இடத்தில்தான் நிற்கணும். லாரிக்கும் டாக் சுவருக்கும் நடுவில் ஆள் நிற்க இடமே கிடையாது.

லெவலர்காரர்:
ஒன்று விட்டுப்போச்சு. லாரி நகர்ந்து லிப் நழுவியிருந்தால், உடைந்த பலகைத் துண்டு ஏதாவது லெவலருக்கு அடியில் விழுந்து, அடுத்த முறை கிடை நிலைக்கு வராமல் சிக்கும். அதை எடுக்கக் கையை விடாதீர்கள். மெயின் சுவிட்சை அணைத்துப் பூட்டு போட்டு, லெவலரோடு வந்த முட்டுக்கம்பியை நிறுத்தின பிறகுதான் உள்ளே குனியணும். ஹைட்ராலிக் பிடித்துக்கொண்டிருக்கிறது என்று நம்பி யாரும் அடியில் போகக் கூடாது. முட்டுக்கம்பி காணாமல் போயிருந்தால் அந்த டாக்கை மூடிவிட்டு சர்வீஸ் ஆளைக் கூப்பிடுங்கள்.