புதுப்பிப்பு: செவர்ன் ஆற்று இரும்புப் பாலத்தின் இணைப்புகள் படத்தில் பதிந்துவிட்டன

இங்கிலாந்தில் செவர்ன் ஆற்றின் மீதுள்ள பழைய இரும்புப் பாலத்தை அடியிலிருந்து படம் எடுத்தால், பின்னால் வானம் வெளுத்து, வளைவுகள் வெறும் கருநிழலாக விழுகின்றன, என்ன செய்யலாம் என்று முன்பு கேட்டிருந்தேன். வழி சொன்னவர்களுக்கு நன்றி. பல வெளிச்ச அளவுகளில் எடுத்து ஒன்றாக்கும் யோசனை, காற்றில் கிளைகள் அசைந்ததால் சரிப்படவில்லை. மேகமூட்டமான நாளில், வானம் சட்டத்துக்குள் வராதபடி தொலைவில் உள்ளதை நெருக்கிக் காட்டும் டெலி லென்ஸால், இரும்பு உறுப்புகள் சேரும் இணைப்புகளை மட்டும் நெருக்கி எடுக்கச் சொன்னதே பலித்தது. 2018ஆம் ஆண்டுச் சீரமைப்பில் பூசப்பட்ட செம்பழுப்பு நிறமும் அந்த மந்த வெளிச்சத்தில் நன்றாகப் பதிந்தது.

எதிர்பாராத ஒன்றும் கண்ணில் பட்டது. 1779இல் வார்ப்பிரும்பால் எழுப்பப்பட்டு, ஏறத்தாழ 30 மீட்டரை ஒரே வளைவில் தாண்டும் இப்பாலத்தின் உறுப்புகள், தச்சர் கதவு நிலை சேர்ப்பதைப் போலத் துளையில் செருகி ஆப்பு வைத்து இறுக்கப்பட்டிருக்கின்றன. இழுத்தால் எளிதில் முறியும் வார்ப்பிரும்பைப் பெரும்பாலும் அழுத்தத்திலேயே வைத்திருக்கும் வளைவு வடிவம், என் பார்வையில், அதைவிடப் பெரிய சாமர்த்தியம்.