சாதனையாளரின் வீட்டார் பட்ட பாட்டை மாணவரிடம் சொல்லலாமா?

உப்புவெளி ஆசிரியை:
வணக்கம். திருகோணமலைப் பாடசாலையொன்றில் கணிதம் கற்பிக்கிறேன். பரிசளிப்பு விழாவில் இராமானுஜனைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. வறுமை, ஆங்கிலேயக் கணிதவியலாளர் ஹார்டிக்கு எழுதிய கடிதம், 1914 இல் கேம்பிரிட்ஜ் பயணம், 1918 இல் ராயல் சொசைட்டி உறுப்பினர் தகுதி, 32 வயதில் மரணம் என்று நாம் வழக்கமாகச் சொல்லும் வரிசையில் அவருடைய மனைவி ஜானகி அம்மாளுக்கு ஒரு வாக்கியத்துக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. அவர் பட்டதையும் விரிவாகச் சொல்ல விரும்புகிறேன். பெரிய இலட்சியத்தைப் பேசும் மேடையில் வீட்டுத் துயரத்தைக் கொண்டுவந்தால் சாதனையாளரைக் குறைகூறுவதாகிவிடும், பிள்ளைகளின் உற்சாகமும் குன்றும் என்று சக ஆசிரியர் ஒருவர் கருதுகிறார். உங்கள் எண்ணம் என்ன?

ஓய்வுபெற்ற ஆசிரியர், உவர்மலை:
மகள், தயங்காமல் சொல்லுங்கள். 1909 இல் திருமணம் நடந்தபோது ஜானகிக்கு 10 வயது. கணவரோடு சேர்ந்து வாழத் தொடங்கிய சிறிது காலத்திலேயே அவர் கப்பலேறிவிட்டார். ஐந்தாண்டுப் பிரிவில் இருவருக்கும் இடையிலான கடிதங்களை மாமியார் தடுத்ததாக வாழ்க்கை வரலாறுகள் கூறுகின்றன. 1919 இல் நோயாளியாகத் திரும்பியவரை அருகிலிருந்து பராமரித்தவர் ஜானகிதான். போலித் தீட்டா சார்புகள் (mock theta functions) என்னும் ஒருவகைக் கணிதச் சார்புகள் பற்றிய வியப்பூட்டும் முடிவுகள் அந்த நோய்ப்படுக்கையில் எழுதப்பட்டவை. 1976 இல் கேம்பிரிட்ஜின் டிரினிட்டி கல்லூரி நூலகத்தில் கணிதவியலாளர் ஜார்ஜ் ஆண்ட்ரூஸ் கண்டெடுத்த இராமானுஜனின் தாள்களும் பெரும்பாலும் அக்காலத்தவையே. கணித உலகம் அந்த ஓராண்டின் விளைச்சலை இன்னமும் ஆராய்ந்துகொண்டிருக்கும்போது, அந்த ஓராண்டில் இரவும் பகலும் விழித்திருந்தவரைப் பற்றி ஒரு வாக்கியம் போதும் என்று எப்படிச் சொல்வது? 1920 ஏப்ரலில் கணவர் இறந்தபோது அவருக்கு 21 வயது. அதன்பின் தையற்கலை கற்று, திருவல்லிக்கேணியில் துணி தைத்துப் பிழைத்து, ஒரு பிள்ளையைத் தத்தெடுத்து வளர்த்து, 1994 வரை வாழ்ந்தார். இதைச் சொல்வதால் இராமானுஜனின் ஒரு சமன்பாடுகூடச் சிறுத்துவிடாது.

நிலாவெளியான்:
ஐயா சொன்னதை ஏற்கிறேன். ஆயினும் எல்லா இழப்பையும் ஒரே தட்டில் வைத்துப் பேசக் கூடாது என்பது என் கருத்து. நமது ஊர் இந்துக் கல்லூரியின் வளர்ச்சிக்கு உழைத்து, அதன் அதிபராகவும் இருந்த விபுலாநந்த அடிகளை எண்ணிப் பாருங்கள். இலண்டன் பல்கலைக்கழக அறிவியற் பட்டமும் மானிப்பாய் இந்துக் கல்லூரியின் அதிபர் பதவியும் கைவசம் இருந்தபோது அவற்றை விட்டுத் துறவு பூண்டவர் அவர். பண்டைய யாழ்களின் நரம்பு நீளங்களைக் கணக்கிட்டு ஆண்டுக்கணக்காக எழுதிய யாழ்நூல் 1947 ஜூனில் அரங்கேறியது. மறு மாதம் 19 ஆம் திகதி அவர் மறைந்தார். உடல் தளர்ந்த நிலையிலும் அவர் அந்த வேலையை விடவில்லை. ஆனால் அது அவரே தெரிந்தெடுத்த பாதை. ஜானகியிடமோ எவரும் எதையும் கேட்கவில்லை. இலட்சியத்தை வகுத்தவர் ஒருவர், அதற்காக இழந்தவர் வேறொருவர் என்றால், அந்த வேறுபாட்டை மாணவர் அறிந்துகொள்ள வேண்டும். ஜானகியையும் மனமுவந்து தன்னை அர்ப்பணித்தவராகப் புகழ்ந்துவிட்டால், அவருக்குத் தெரிவே இருக்கவில்லை என்ற உண்மை மறைந்துபோகும்.

மூதூர் மகள்:
இது எங்கள் மாவட்டத்துக்குத் தூரத்துச் செய்தியன்று. என் உயர்தரப் பரீட்சைப் பெறுபேறு வந்தபோது சந்தியில் பதாகை கட்டினார்கள். அதில் என் படமும் பாடசாலையின் பெயரும் இருந்தன. அப்போது அம்மா சவூதியில் வேறொருவரின் வீட்டில் சமைத்துக்கொண்டிருந்தார். நான் பூப்பெய்தியபோதும், தங்கை முதன்முதலில் பாடசாலைக்குப் போனபோதும், அம்மம்மாவின் செத்தவீட்டின்போதும் அவர் இங்கே இல்லை. அவர் அனுப்பிய பணத்தில்தான் நான் பட்டதாரியானேன்.

அக்காவிடம் ஒரு வேண்டுகோள். உரையின் முடிவில் பிள்ளைகளை எழுப்பி, உங்கள் வீட்டில் யார் தியாகம் செய்தார்கள் என்று சபையில் கேட்டுவிடாதீர்கள். பல்கலைக்கழகப் பாராட்டு விழாவில் அம்மாவைப் பற்றிப் பேச விரும்பி அவரிடம் அனுமதி கேட்டேன். நான் படித்ததைச் சொல், நான் பட்டதை ஊருக்குச் சொல்லாதே என்றார். என்னை வருத்திய பதில்தான், ஆனால் அதை மீற எனக்கு உரிமை இல்லை என்று உணர்ந்தேன். இங்கே பெயரில்லாமல் எழுதுவதற்கு மட்டும் சம்மதித்தார்.

உப்புவெளி ஆசிரியை:
மூவருக்கும் மனமார்ந்த நன்றி. பிள்ளைகளிடம் அப்படியொரு கேள்வியைக் கேட்கும் எண்ணம் எனக்கு இருந்தது. தங்கை எழுதியதை வாசித்தபின் அதைக் கைவிட்டுவிட்டேன். ஜானகி அம்மாள் எதைத் தாமாகக் கொடுத்தார், எது அவரிடம் கேளாமல் எடுக்கப்பட்டது என்ற வேறுபாட்டை நிலாவெளியான் சொன்னபடியே உரையின் நடுப்பகுதியில் வைக்கிறேன். சக ஆசிரியரிடமும் இந்தப் பதில்களைக் காட்டினேன்; உற்சாகம் குன்றும் என்ற எண்ணம் அவருக்கு இன்னும் முழுவதுமாக நீங்கவில்லை, ஆனாலும் உரையை முன்கூட்டியே வாசித்துத் திருத்தித்தர இசைந்திருக்கிறார்.